நாக்கிக்கு உண்மையே போதும்



பல்கலைக்கழகப் பணியாளர் ஒருவரின் வாழ்க்கையை நினைவுகூர்ந்து பேச வேண்டும் என்று என்னைக் கேட்டார்கள். துணைவேந்தர்களைப் பற்றிப் பேசச் சொன்னால் நூலகத்தில் புத்தகம் கிடைக்கும். பேராசிரியர்களைப் பற்றி என்றால் மலர்களும் மணிவிழாத் தொகுப்புகளும் கிடைக்கும். தோட்ட வேலை செய்தவரைப் பற்றிப் பேசு என்றால் எங்கே போய்த் தேடுவது? பெரும்பாலும் ஊதியப் பட்டியலில் ஒரு வரி இருக்கும். அதற்கு மேல் ஒன்றும் இருக்காது.

ஆனால் ஒருவரைப் பற்றி நிறையவே எழுதினார்கள். உலகமே எழுதியது. அவர் பெயர் ஹாமில்டன் நாக்கி. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் தோட்டக்காரராகச் சேர்ந்தவர். 2005 மே 29 அன்று தமது 78ஆம் வயதில் காலமானார். லண்டனிலிருந்து வரும் ‘எகனாமிஸ்ட்’ அவருக்கு இரங்கல் கட்டுரை எழுதியது. ‘நியூயார்க் டைம்ஸ்’ எழுதியது. மருத்துவ உலகம் மதித்துப் படிக்கும் ‘லான்செட்’ எழுதியது, ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ எழுதியது. புல் வெட்டிய ஒருவருக்கு இத்தனை ஏடுகள் தலைவணங்கியது இதற்கு முன் எங்கே நடந்தது?

ஆனால் கொஞ்ச காலத்திலேயே இன்னொன்றும் நடந்தது. எழுதிய ஏடுகளே ஒவ்வொன்றாகத் திருத்தம் வெளியிட்டன. அவரைப் பற்றி நாங்கள் சொன்னதில் மிகப் பெரிய செய்தி உண்மையல்ல என்று ஒப்புக்கொண்டன. புகழ்ந்த வேகத்திலேயே பின்வாங்கின. அந்த இரண்டு வேகத்துக்கும் நடுவில் ஒரு மனிதர் நசுங்கிப்போனார். அவரை எடுத்து நிமிர்த்தி, உள்ளது உள்ளபடி உங்கள் முன் நிறுத்தவே இன்று வந்திருக்கிறேன்.

முதலில் அவர் பிறந்த மண்ணைப் பார்ப்போம்.

1926 ஜூன் 26. தென்னாப்பிரிக்காவின் கிழக்கே டிரான்ஸ்கெய் பகுதி. அங்கே சென்டானி வட்டாரத்தில் இங்சிங்கானே என்று ஒரு சிற்றூர். கோசா மொழி பேசும் மக்கள். பச்சைச் சரிவுகள், வட்டக் குடிசைகள், ஆடு மாடு. பார்க்க அழகான நாடு. ஆனால் அந்த அழகில் வயிறு நிறையாது. 1913இல் வந்த நிலச் சட்டம் கறுப்பின மக்களுக்கென்று ஒதுக்கிய நிலம் நாட்டின் மொத்தப் பரப்பில் ஏறத்தாழ 7 விழுக்காடுதான். மக்கள்தொகையில் மிகப் பெரும்பான்மையினர் அவர்கள். நிலம் சுருங்கியது, மேய்ச்சல் குறைந்தது, வரியை மட்டும் காசாகக் கட்டு என்றது அரசு. காசுக்கு எங்கே போவது? சுரங்கத்துக்குப் போ, துறைமுகத்துக்குப் போ, வெள்ளைக்காரர் வீட்டுக்கும் தோட்டத்துக்கும் போ. டிரான்ஸ்கெய் ஆண்கள் ஊரைவிட்டு ஓடவில்லை, ஐயா. துரத்தப்பட்டார்கள்.

நாக்கி ஆறாம் வகுப்பு வரை படித்தார். பதினான்கு வயதில் படிப்பு நின்றது. ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கும் கேப் டவுனுக்கு, வழியில் கிடைத்த வண்டிகளில் ஏறி வந்து சேர்ந்தார். 1940ஆம் ஆண்டுவாக்கில் பல்கலைக்கழகத்தில் வேலை கிடைத்தது. தோட்ட வேலை.

கேப் டவுன் பல்கலைக்கழகத்தைப் படத்திலாவது நீங்கள் பார்த்திருக்கக்கூடும். மலைச் சரிவில், கொடி படர்ந்த சுவர்களோடு, படிக்கட்டுகளுக்கு மேலே படிக்கட்டுகளாக நிற்கும் வளாகம் அது. அங்கே புல்தரை டென்னிஸ் ஆடுகளங்கள் இருந்தன. அவற்றைப் பராமரிக்கும் ஆட்களில் ஒருவராக நாக்கி இருந்தார். புல்தரை ஆடுகளம் என்றால் என்ன வேலை என்று நினைக்கிறீர்கள்? தண்ணீர் அளவாக விட வேண்டும். கூடினால் சேறு, குறைந்தால் வெடிப்பு. புல்லை மிக ஒட்ட வெட்ட வேண்டும், வேர் தெரியக் கூடாது. கனத்த இரும்பு உருளையை இழுத்து இழுத்து மண்ணை இறுக்க வேண்டும். ஒரு மூலையில் மேடு தட்டினால் பந்து தப்பான உயரத்தில் எழும்பும், ஆடுகிறவர் திட்டுவார். கையும் கண்ணும் ஒன்றாக வேலை செய்தால்தான் அந்தத் தரை தரையாக இருக்கும். பதினான்கு ஆண்டுகள் அவர் தோட்ட வேலையில் இருந்தார்.

இந்தப் பதினான்கு ஆண்டுகளை எல்லாக் கட்டுரைகளும் ஒரே வரியில் தாண்டிவிடுகின்றன. எனக்கு அது பிடிக்கவில்லை. பின்னால் வந்த பெருமைக்கு இது ஏதோ முன்னுரை போல, படிக்காமல் புரட்டிவிடலாம் என்பது போல எழுதுகிறார்கள். பதினான்கு வயதிலிருந்து இருபத்தெட்டு வயது வரை, ஒரு மனிதனின் முழு இளமை அங்கே போயிருக்கிறது. தரை மட்டமாக இருந்தது, புல் பசுமையாக இருந்தது, மாணவர்கள் ஆடினார்கள். நாக்கி அதோடு நின்றிருந்தாலும் அவர் நினைக்கப்பட வேண்டியவர்தான்.

1954. இங்கேதான் திருப்பம்.

பல்கலைக்கழகத்தில் ராபர்ட் கெட்ஸ் என்று ஒரு மருத்துவ ஆராய்ச்சியாளர் இருந்தார். ஜெர்மனியிலிருந்து வந்தவர். பின்னாளில் அமெரிக்கா சென்று, 1960இல் இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயில் மாற்றுப்பாதை அறுவையைச் செய்து காட்டியவர். கேப் டவுனில் அவர் ஒட்டகச்சிவிங்கியை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஏன் ஒட்டகச்சிவிங்கி? அந்த நீண்ட கழுத்தைத் தாண்டித் தலைக்கு ரத்தம் ஏற வேண்டுமானால் அதன் இதயம் மனிதனைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு அழுத்தம் கொடுக்க வேண்டும். அப்படியானால் தண்ணீர் குடிக்கக் குனியும்போது மூளைக்கு என்ன ஆகும்? குடித்துவிட்டுச் சட்டென்று நிமிரும்போது ஏன் மயங்கி விழுவதில்லை? நல்ல கேள்வி. அந்தக் கேள்விக்கு விடை தேட, மயக்கம் கொடுத்த ஒட்டகச்சிவிங்கியைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். பலசாலியாக இருக்க வேண்டும். பதறாத ஆளாக இருக்க வேண்டும். தோட்டத்திலிருந்து ஒருவரை அனுப்பச் சொன்னார்கள். நாக்கி போனார்.

போனவர் தோட்டத்துக்குத் திரும்பவில்லை.

முதலில் கூண்டுகளைக் கழுவினார். விலங்குகளுக்குத் தீனி வைத்தார், எடை பார்த்தார், முடி மழித்தார். பிறகு ஊசி போடக் கற்றுக்கொண்டார். பிறகு மயக்கம் கொடுக்கக் கற்றுக்கொண்டார். நாய்க்கு எவ்வளவு, முயலுக்கு எவ்வளவு, பன்றிக்கு எவ்வளவு என்பதை எடையையும் மூச்சையும் பார்த்து நிதானிக்கத் தெரிந்தது. மயக்க மருந்தில் அளவு பிசகினால் ஆராய்ச்சியே வீண். அவர் கையில் பிசகவில்லை. அதனால் அடுத்த வேலை வந்தது, அதற்கடுத்த வேலை வந்தது. ஆறாம் வகுப்போடு நின்ற மனிதர் ரத்தக்குழாயைத் தைக்கக் கற்றுக்கொண்டார். எப்படி? யாரும் அவருக்குப் பாடம் எடுக்கவில்லை. பக்கத்தில் நின்றார், பார்த்தார், கையில் செய்தார். கெட்ஸுக்குப் பிறகு, அமெரிக்காவில் பயிற்சி முடித்துத் திரும்பிய இதய அறுவை மருத்துவர் கிறிஸ்டியான் பர்னார்டின் ஆராய்ச்சிக் குழுவில் வேலை பார்த்தார். 1970களில் கல்லீரல் மாற்று ஆராய்ச்சிக்கு வந்தார். ரோஸ்மேரி ஹிக்மன் என்ற அறுவை மருத்துவரோடு நெடுங்காலம் உழைத்தார்.

கல்லீரல் மாற்று என்று ஒரு சொல்லில் சொல்லிவிட்டேன். அதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். நாக்கியின் உண்மையான உயரம் அங்கேதான் இருக்கிறது.

பன்றியின் கல்லீரலை எடுத்துவிட்டு இன்னொரு பன்றியின் கல்லீரலை வைக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்லீரலுக்கு மேலே இதயத்தை நோக்கிப் போகும் பெரிய சிரை, அதை இணைக்க வேண்டும். கீழே அதே சிரையின் மறுமுனை, அதையும் இணைக்க வேண்டும். குடலிலிருந்து ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரை மூன்றாவது. கல்லீரலுக்குச் செல்லும் தமனி நான்காவது. பித்தக் குழாய் ஐந்தாவது. ஐந்து இணைப்புகள். சிரையின் சுவர் மெல்லியது, நனைந்த காகிதக் குழாயைத் தைப்பது போன்ற வேலை. வளைந்த சிறு ஊசி, மயிரிழை நூல். முதலில் பின்பக்கச் சுவரைத் தைத்து வர வேண்டும், பிறகு முன்பக்கம். நூலை அதிகமாக இழுத்தால் குழாய் சுருங்கி வழி அடைபடும். தளர விட்டால் ரத்தம் கசியும்.

இதெல்லாம் கடிகாரத்தோடு போட்டி போட்டுச் செய்ய வேண்டிய வேலை. பழைய கல்லீரலை வெட்டியெடுத்த நொடியிலிருந்து, குடலிலிருந்து வரும் ரத்தத்துக்குப் போக வழியில்லை. அது குடலிலேயே தேங்கும். மனிதனைவிடப் பன்றிக்கு இந்தத் தேக்கம் தாங்காது. ரத்த அழுத்தம் மளமளவென்று விழும். ஆகவே தைக்கும் கை வேகமாகவும் போக வேண்டும், தவறாமலும் போக வேண்டும். இரண்டில் ஒன்று மட்டும் இருந்தால் பன்றி பிழைக்காது.

மற்ற இடங்களில் தகுதி பெற்ற மருத்துவர்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து செய்யும் இந்த வேலையை நாக்கி ஒற்றை ஆளாகச் செய்தார் என்று அவரோடு பணியாற்றிய மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மயக்கம் கொடுப்பது அவர். அறுப்பது அவர். தைப்பது அவர். முடிந்த பிறகு விலங்குக்குப் பக்கத்தில் இருந்து தேற்றுவதும் அவர். அந்த ஆய்வுக்கூடத்துக்கு அறுவை பயில வந்த இளம் மருத்துவர்கள், கையில் பட்டத்தோடு வந்தவர்கள், நாக்கியின் பக்கத்தில் நின்று தைக்கக் கற்றுக்கொண்டார்கள். கற்றுக்கொண்டு போனவர்களில் பலர் பின்னாளில் பேராசிரியர்கள் ஆனார்கள், துறைத் தலைவர்கள் ஆனார்கள். முதுமையில் பர்னார்டே, நாக்கியின் கைத்திறனை வெளிப்படையாகப் போற்றினார். வாய்ப்புக் கிடைத்திருந்தால் சிறந்த அறுவை மருத்துவராகியிருப்பார் என்ற கருத்தில் பேசினார்.

வாய்ப்புக் கிடைத்திருந்தால்! இந்தச் சொல்லைக் கேட்டு நாம் தலையாட்டிவிட்டுப் போய்விடக் கூடாது. யார் வாய்ப்பைப் பிடித்து வைத்திருந்தது? எந்தச் சட்டம்? எந்த ஆண்டு?

1959ஆம் ஆண்டு அந்த நாட்டு நாடாளுமன்றம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. கேப் டவுன் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் கறுப்பின மாணவர்கள் அரசின் தனி அனுமதி இல்லாமல் சேர முடியாது என்பது அந்தச் சட்டம். நாக்கி அப்போது அதே பல்கலைக்கழகத்தில் ஐந்தாண்டுகளாக ஆய்வுக்கூடத்தில் இருக்கிறார். எண்ணிப் பாருங்கள். ஆசிரியராக அவர் கை தேவை. மாணவராக அவர் காலடி கூடாது. ஆய்வுக்கூடத்தின் கதவு திறந்திருந்தது, வகுப்பறையின் கதவு சாத்தியிருந்தது. இரண்டும் ஒரே பல்கலைக்கழகத்தின் கதவுகள்.

அவர் தங்கியிருந்த இடம் லாங்கா. கறுப்பினத்தவரை நகரத்திலிருந்து ஒதுக்கி வைப்பதற்காக 1920களில் அமைத்த குடியிருப்பு. வேலைக்கு வரும் ஆண்களைத் தனியாட்களாகவே வைத்திருக்க வேண்டும் என்பது அரசின் எண்ணம். எந்நேரமும் அனுமதிப் புத்தகம் சட்டைப்பையில் இருக்க வேண்டும். காவலர் கேட்டுக் காட்டாவிட்டால் சிறை. மின்சாரமும் குழாய்த் தண்ணீரும் இல்லாத ஓர் அறை நாக்கியின் வீடு. அந்த அறையிலிருந்து ஒவ்வொரு நாள் காலையும் கோட்டும் தொப்பியும் அணிந்து, காலணியை மெருகேற்றிக்கொண்டு வேலைக்குக் கிளம்புவார். ஆய்வுக்கூடத்துக்கு வந்ததும் அதைக் கழற்றி வைத்துவிட்டு வெள்ளை அங்கி அணிவார். வழியில் பார்த்தவர்கள் அவரை என்னவாக நினைத்தார்களோ, அவர் தம்மை என்னவாக நினைத்தார் என்பது அந்த உடையில் தெரிகிறது.

அவருடைய குடும்பம்? மனைவியும் பிள்ளைகளும் டிரான்ஸ்கெயில். நகரத்தில் வேலை செய்யும் உரிமை அவருக்கு இருந்தது, நகரத்தில் குடும்பம் நடத்தும் உரிமை இல்லை. கேப் டவுன் பகுதியிலிருந்து கறுப்பினக் குடும்பங்களை வெளியேற்றுவதை 1950களின் நடுவிலிருந்து அரசு வெளிப்படையான கொள்கையாகவே வைத்திருந்தது. ஆகவே நாக்கி சம்பளம் வாங்குவார், பெரும்பகுதியை ஊருக்கு அனுப்புவார். ஆண்டில் விடுப்பு கிடைக்கும்போது ஊருக்குப் போவார். பிள்ளைகள் வளர்வதை அவர் கண்ணால் பார்த்தது விடுமுறை நாட்களில்தான். அனுப்பிய பணத்தில் பிள்ளைகளில் ஒருவரை மட்டுமே உயர்நிலைப் பள்ளி முடிக்கும் வரை படிக்கவைக்க முடிந்தது.

இந்தச் செய்தி என்னை விடாமல் தொல்லை செய்கிறது. நகரத்தில் எத்தனையோ வீட்டுப் பிள்ளைகள் அறுவை மருத்துவர்களாவதற்கு அவர் கை உதவியது. தம் பிள்ளைகளுக்குப் பள்ளிப் படிப்பை முடித்துக்கொடுக்க அவர் சம்பளம் போதவில்லை. குடும்பத்தின் மேல் பாசம் இல்லாதவரா? இல்லை. குடும்பத்துக்காகவே வாழ்ந்தவர். அங்கே மாதாமாதம் வந்து சேரும் பணம்தான் அப்பா. மேசையில் அவருக்கு ஓர் இடம் கிடையாது. நம் வீடுகளிலும் வெளிநாட்டு வேலைக்குப் போன அப்பாக்கள் உண்டு, அந்த வலி உங்களில் சிலருக்குப் புரியும். ஆனால் ஒரு வேறுபாடு: நாக்கி தம் சொந்த நாட்டுக்குள்ளேயே அப்படி இருந்தார்.

சொந்த நாடு என்றேனா? அதையும் பறித்தார்கள். 1976 அக்டோபர் 26 அன்று டிரான்ஸ்கெய் ‘விடுதலை பெற்ற நாடு’ என்று அறிவிக்கப்பட்டது. தென்னாப்பிரிக்க அரசைத் தவிர உலகில் எந்த நாடும் அதை ஏற்கவில்லை. ஆனால் அந்த அறிவிப்பின்படி டிரான்ஸ்கெயைச் சேர்ந்த கோசா மக்கள் தென்னாப்பிரிக்கக் குடியுரிமையை இழந்தார்கள். கேப் டவுனில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்த மனிதர்கள் ஒரே நாளில் அயல்நாட்டார் ஆனார்கள்.

இப்போது அந்தப் பெரிய கதைக்கு வருகிறேன். 1967 டிசம்பர் 3. கேப் டவுனின் குரூட் ஸ்கியூர் மருத்துவமனை. உலகின் முதல் மனித இதய மாற்று அறுவை. லூயிஸ் வாஷ்கான்ஸ்கி என்ற மளிகைக் கடைக்காரருக்கு, விபத்தில் மூளைச் செயலிழந்த டெனிஸ் டார்வால் என்ற 25 வயதுப் பெண்ணின் இதயத்தைப் பர்னார்டின் குழு பொருத்தியது. வாஷ்கான்ஸ்கி 18 நாட்கள் வாழ்ந்தார். உலகமே பர்னார்டைக் கொண்டாடியது.

பல ஆண்டுகள் கழித்து ஒரு கதை பரவியது. அந்தப் பெண்ணின் உடலிலிருந்து இதயத்தை எடுத்தவர் நாக்கிதான், நிறவெறி அரசு அதை மறைத்துவிட்டது என்ற கதை. கேட்பதற்கு எவ்வளவு நன்றாக இருக்கிறது! அடக்குமுறையின் நடுவே, நள்ளிரவில், யாருக்கும் தெரியாமல் ஒரு தோட்டக்காரர் வரலாறு படைத்தார்! திரைப்படமே எடுக்கலாம். பெரிய பெரிய ஏடுகள் நம்பின. இரங்கல் கட்டுரைகளில் அதையே தலைப்புச் செய்தியாக்கின.

அது நடக்கவில்லை. அன்றிரவு நாக்கி அந்த அறுவை அரங்கில் இல்லை. இதயத்தை எடுத்த மருத்துவர்களில் பர்னார்டின் தம்பி மரியஸும் ஒருவர். வெள்ளையின நோயாளிகளுக்கான அறுவை அரங்கில் கறுப்பினத்தவர் ஒருவர் கத்தி பிடிப்பது அன்று நடக்கக்கூடிய காரியமே அல்ல. உடன் பணியாற்றிய மருத்துவர்கள் சொன்னார்கள், பல்கலைக்கழகம் சொன்னது, ஏடுகள் திருத்தம் போட்டன.

திருத்தம் வந்ததும் என்ன ஆயிற்று தெரியுமா? நாக்கியைப் பற்றிய பேச்சே அடங்கிப்போயிற்று. கதை பொய் என்றால் ஆளும் பொய் என்று ஆகிவிட்டது சிலருக்கு. என் கோபம் இங்கேதான்.

அந்தக் கதையைக் கட்டியவர்கள் நல்ல எண்ணத்தில்தான் கட்டியிருப்பார்கள். மறக்கப்பட்ட ஒரு கறுப்பினத் தொழிலாளிக்குப் பெருமை சேர்க்க வேண்டும் என்று விரும்பியிருப்பார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள். அந்தக் கதை யாருக்கு உதவுகிறது? அது நிறவெறி அரசுக்கே உதவுகிறது! ஏன் அப்படிச் சொல்கிறேன்? திறமை இருந்தால் சுவருக்கு நடுவே எங்கோ ஒரு கதவு திறக்கும் என்று அந்தக் கதை சொல்கிறது. உண்மை என்ன சொல்கிறது? திறமை இருந்தது. உலகத் தரத் திறமை இருந்தது. கதவு திறக்கவில்லை. ஒரு நாள் கூட, ஓர் இரவு கூடத் திறக்கவில்லை. ஆய்வுக்கூடத்தில் பன்றியின் கல்லீரலை மாற்றிய கை, சாலைக்கு அந்தப் பக்கம் இருந்த மருத்துவமனையில் ஒரு மனிதனின் கையில் சிறு தையல் போடவும் அனுமதி பெறவில்லை. இதுதான் நடந்தது. இதைவிடக் கடுமையான குற்றச்சாட்டு வேறு வேண்டுமா? பொய்யைச் சேர்த்தவர்கள் அந்தக் குற்றத்தின் கூர்மையை மழுக்கிவிட்டார்கள்.

இன்னொன்றும் கேட்கிறேன். நாக்கியைப் பெரியவராக்க ஏன் ஓர் இதய அறுவை தேவைப்பட்டது? பர்னார்டின் வெற்றிக்கு முன்னால் ஆய்வுக்கூடத்தில் ஏறத்தாழ ஐம்பது நாய்களிடம் இதய மாற்றுச் சோதனைகள் நடந்தன. அந்த ஆய்வுக்கூடத்தில் விலங்குகளைப் படுக்கவைத்து, மயக்கம் கொடுத்து, மூச்சைக் காத்து, பிழைக்கவைத்த ஊழியர் நாக்கி. பழைய இதயத்தை எடுக்காமல் அதன் பக்கத்திலேயே இன்னோர் இதயத்தைப் பொருத்தும் முறையைப் பின்னர் பர்னார்ட் கொண்டுவந்தபோது, அந்த முறையை விலங்குகளிடம் செய்து பார்த்துச் செப்பனிட்டதில் நாக்கிக்குப் பங்கு உண்டு. இது ஆவணத்தில் இருக்கிறது. இது போதாதா? மேடைக்கு வந்தவருக்குத்தான் மாலை என்று நாம் பழகிவிட்டோம். மேடையைக் கட்டியவருக்கு மாலை போட வேண்டுமானால் அவரையும் இழுத்து மேடையில் ஏற்றியாக வேண்டும் என்று நினைக்கிறோம். அவர் இருந்த இடத்துக்கே போய் மாலை போடலாமே!

இதே போன்ற ஒருவர் அமெரிக்காவிலும் இருந்தார், சுருக்கமாகச் சொல்கிறேன். விவியன் தாமஸ். தச்சு வேலை தெரிந்தவர். மருத்துவக் கல்லூரிக்குச் சேர்த்து வைத்த பணம் பொருளாதார வீழ்ச்சியில் போயிற்று. வாண்டர்பில்ட் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் ஆராய்ச்சி வேலை செய்தார், ஊதியப் பட்டியலில் துப்புரவுப் பணியாளர் என்று எழுதினார்கள். 1944 நவம்பரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் நீலம் பாரித்த குழந்தைக்கு முதல் இதய அறுவை நடந்தபோது, ஆல்ஃபிரட் பிளேலாக் என்ற அறுவை மருத்துவரின் தோளுக்குப் பின்னால் ஒரு முக்காலியில் நின்று வழி சொன்னவர் தாமஸ். அவருக்கு அந்த முக்காலியாவது கிடைத்தது. நாக்கிக்கு அதுவும் இல்லை.

நாக்கி 1991இல் ஓய்வு பெற்றார். ஐம்பது ஆண்டு உழைப்பு. அவருக்குக் கிடைத்தது தோட்டக்காரருக்குரிய ஓய்வூதியம், மாதம் 760 ராண்ட் என்று அப்போதைய செய்திகள் குறித்தன. முதுநிலை ஆய்வுக்கூடத் தொழில்நுட்பப் பணியாளருக்கான ஊதியத்தைப் பிற்காலத்தில் அவருக்குக் கொடுத்தார்கள், பட்டயம் இல்லாத ஒருவருக்கு அதற்கு மேல் கொடுக்க விதியில்லை என்று பல்கலைக்கழகத் தரப்பில் விளக்கம் வந்தது. விதி! பட்டயம் வாங்க விடாததும் விதி, பட்டயம் இல்லை என்று சம்பளத்தைக் குறைத்ததும் விதி. இரண்டு விதிகளையும் எழுதியது ஒரே கை.

நிறவெறி ஆட்சி வீழ்ந்தது. 1994இல் மக்களாட்சி வந்தது. 2002இல் மாபுங்குப்வே விருதை அளித்து நாடு நாக்கியைச் சிறப்பித்தது. 2003இல் கேப் டவுன் பல்கலைக்கழகம் அவருக்கு மருத்துவத்தில் மதிப்புறு முதுநிலைப் பட்டம் வழங்கியது. வேந்தர் கிராசா மாஷெல் அம்மையார் கையால் அந்தப் பட்டத்தைப் பெற்றார். பதினான்கு வயதில் புல் வெட்ட வந்த வளாகம். எழுபத்தேழு வயதை எட்டும் காலத்தில் பட்ட அங்கி. காலம் கடந்து வந்த மரியாதைதான். ஆனாலும் அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். அவர் அதை மகிழ்ந்து ஏற்றுக்கொண்டார், நாம் யார் குறை சொல்ல? இன்று கேப் டவுனில் ஒரு சதுக்கத்துக்கு அவர் பெயர். மருத்துவர்களின் மேற்படிப்புக்கு அவர் பெயரில் ஓர் உதவித்தொகையும் இருக்கிறது.

இந்தப் பரிசுகளுக்கு முன்பே, ஓய்வு பெற்ற பிறகு அவர் செய்த ஒரு வேலையைச் சொல்லி முடிக்கிறேன். கையில் தோட்டக்காரரின் ஓய்வூதியம். வயது அறுபத்தைந்தைக் கடந்துவிட்டது. தீவிரமான கிறிஸ்தவர், வேதாகமத்தைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கலாம். அவர் தம் சொந்தச் சென்டானி வட்டாரத்தை நினைத்தார். அங்கே நோய் வந்தால் மருத்துவரைப் பார்க்க மைல் கணக்கில் நடக்க வேண்டும். தம்மிடம் தைக்கக் கற்றுக்கொண்டு போன மருத்துவர்களைத் தேடிப் போனார். இப்போது அவர்கள் பெரிய மருத்துவர்கள். எங்கள் ஊருக்கு மருத்துவம் வேண்டும், உதவுங்கள் என்று கேட்டார். பழைய பேருந்து ஒன்றை நடமாடும் மருத்துவமனையாக மாற்ற ஏற்பாடு செய்தார். ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கும் பணம் திரட்டினார். தமக்கென்று அவர்களிடம் ஒன்றும் கேட்டதாகச் செய்தி இல்லை. அந்தப் பேருந்து, அவர் சிறுவனாக வெளியேறிய அதே மண் சாலைகளில் மருந்தோடு போய்வந்தது.